கரடி விட்ட மச்சினன்

போன ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்கு எங்கள் எல்லோரையும் டிவி முன்னால் உட்கார வைத்தான் என் மச்சினன். எழுந்தபோது மணி பத்தைத் தாண்டியிருந்தது. நடுவில் ஒருமுறை கரண்ட் போனது. ஜலகண்டேஸ்வரர் கைவிடவில்லை என்று நான் கும்பிடக் கையெடுப்பதற்குள் இன்வெர்ட்டர் விழித்துக்கொண்டது. ஆர்க்டிக் போய் வருகிறவன் வீட்டில் இன்வெர்ட்டர் இல்லாமலா இருக்கும்?

"மாமா, நான் சொன்னேனே, அது இதுதான்."

திரை முழுக்க வெள்ளை. மேலே கொஞ்சம் சாம்பல், கீழே ஒரு கீற்று நீலம், மிச்சமெல்லாம் வெள்ளை.

"எது மச்சான்?"

"நடுவுல பாருங்க. நடுவுலன்னா கரெக்டா நடுவுல இல்ல, கொஞ்சம் இடது பக்கம். மஞ்சளா ஒண்ணு கீது பாருங்க."

பார்த்தேன். இருந்தது.

"அடுத்ததுல தலையத் தூக்கும்."

அடுத்தது வந்தது. அதே வெள்ளை, அதே மஞ்சள். தலையைத் தூக்கியதா என்றால், தூக்கியதாக அவன் சொன்னான். அதற்கடுத்ததில் தலையைக் கீழே வைத்துவிட்டது. அதற்கும் அடுத்தது, கீழே வைத்த தலை கீழேயே இருப்பது.

"எல்லாம் ஒரே படமாட்டம் கீதே?" என்றார் என் மாமியார்.

"ஷட்டர் ஸ்பீடு வேறம்மா."

உங்கள் வீட்டிலும் ஒருவன் இருப்பான். ஆகவே இதற்கு மேல் விளக்கப்போவதில்லை. என் மச்சினன் ஆம்பூரில் ஷூவுக்கு அப்பர் தைக்கிற யூனிட் வைத்திருக்கிறான். பையருக்கு ஷிப்மெண்ட் போய்ச் சேர்ந்த சந்தோஷத்தில் மற்றவர்கள் ஏலகிரிக்குப் போவார்கள். இவன் ஜூன் மாதம் ஸ்வால்பார்டுக்குப் போனான். நார்வேக்கும் வடக்கே, வட துருவத்துக்குப் போகிற வழியில் இருக்கிற தீவுக்கூட்டம். அதன் தலைநகர் மாதிரி உள்ள ஊர் லாங்இயர்பியன், 78 டிகிரி வடக்கு. ஜூனில் அங்கே சூரியன் மறைவதே இல்லை. இருபத்துநாலு மணி நேரமும் வெளிச்சம் என்றால் இருபத்துநாலு மணி நேரமும் படம் எடுக்கலாம் என்பதை நான் முன்கூட்டியே யோசித்திருக்க வேண்டும். யோசித்திருந்தால் அந்த ஞாயிற்றுக்கிழமை எனக்குக் குடியாத்தத்தில் ஒரு சாவு விழுந்திருக்கும்.

இந்த விவகாரத்தில் எனக்கு ஒரே ஓர் ஆட்சேபம்தான். அதைச் சொல்லத்தான் எழுத உட்கார்ந்தேன். அதற்கு முன்னால் லென்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை.

அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸ். பத்து லட்சத்துக்கு மேல். இதைவிடப் பெரிதாக எங்கள் பக்கத்தில் இருப்பது வாணியம்பாடியைத் தாண்டி, ஜவ்வாது மலைக் காவலூரில் 1986ல் நிறுவிய 2.3 மீட்டர் தொலைநோக்கி ஒன்றுதான். அதை வைத்திருக்கிறவர்களாவது நட்சத்திரம் பார்க்கிறார்கள். பார்த்ததை ஊரைக் கூட்டிக் காட்டுவதில்லை. லென்ஸை விமானத்தில் கையோடு கொண்டுபோக வேண்டும், பெட்டிக்கு எடை அளவு உண்டு என்பதால் குளிர்ச் சட்டைகளையெல்லாம் உடம்பில் போட்டுக்கொண்டு போனான். ஜூன் மாதம், ஆம்பூரிலிருந்து சென்னை விமான நிலையம் வரைக்கும். கார் டிரைவர் காஞ்சிபுரம் தாண்டுவதற்குள் இரண்டு தடவை வண்டியை நிறுத்தி, "சார், ஜுரமா?" என்று கேட்டானாம்.

இத்தனை பாடுபட்டுப் போனவனுக்கு அங்கே ஒரு சட்டம் காத்திருந்தது. 2025 ஜனவரி 1 முதல், ஸ்வால்பார்டில் துருவக் கரடிக்கு 300 மீட்டருக்குள் யாரும் போகக்கூடாது. மார்ச் 1 முதல் ஜூன் 30 வரைக்கும் அதுவே 500 மீட்டர். தெரியாமல் கிட்டே போய்விட்டால் சத்தம் காட்டாமல் பின்வாங்க வேண்டும். பின்வாங்க வேண்டியது நாம். கரடிக்கு அப்படி ஒன்றும் விதி கிடையாது. "அப்ப ஜூலையில போயிருந்தா எரநூறு மீட்டர் மிச்சமாயிருக்குமே" என்று கேட்டேன். "ஜூன்லதான் மாமா பேக்கேஜ் சல்லிசு" என்றான். கடைசியில் அந்தக் கணக்கும் வீண். சட்டம் 500 மீட்டர் என்றது. கரடி ஒன்றரைக் கிலோமீட்டர் தள்ளிப் பனிக்கட்டிமேல் படுத்துக்கொண்டது. எங்கள் ஜில்லாவில் எந்தச் சட்டத்தையும் யாரும் மூன்று மடங்காக மதித்து நான் பார்த்ததில்லை.

கரடி எழுந்திருக்கும் என்று இவன் போன கப்பல் ஐந்து மணி நேரம் நின்றிருக்கிறது. கரடி எழுந்திருக்கவில்லை. அந்த ஐந்து மணி நேரமும் படமாக இருக்கிறது.

சரி, அதுவும் போகட்டும். இந்த வெள்ளை ஊர்வலத்தின் நடுவில், எப்படியோ வரிசை மாறி, ஒரு படம் வந்து விழுந்தது. ஏதோ ஒரு ஓட்டல் வாசல். மரப்பலகையில் அடுக்கடுக்காக ஷூக்கள்.

"நிறுத்து" என்றார் என் மாமனார்.

மாமனார் அதுவரைக்கும் தூங்கிக்கொண்டிருந்தார். தோல் ஷாப்பில் தரம் பிரிக்கிற வேலையில் நாற்பது வருஷம் இருந்தவர். கரடி தூங்கினால் நானும் தூங்குகிறேன் என்ற நியாயத்தில் முதல் மணி நேரத்திலேயே கண்ணை மூடிவிட்டவர். இப்போது சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து, டிவிக்கு ஒரு முழம் தூரத்தில் போய் நின்றுகொண்டார்.

"இன்னாடா இது?"

விஷயம் இதுதான். லாங்இயர்பியன் 1906ல் நிலக்கரிச் சுரங்கத்துக்காக உண்டான ஊர். சுரங்கத்திலிருந்து வருகிறவன் காலில் கரித்தூள் அப்பியிருக்கும். அதோடு உள்ளே வராதே, வாசலில் கழற்றிவை என்று அந்தக் காலத்தில் ஆரம்பித்த வழக்கம் இன்றைக்கும் நிற்கிறது. ஓட்டலானாலும், மியூசியமானாலும் ஷூவைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என் மச்சினனோ இந்தப் பயணத்துக்கென்றே, தன் யூனிட்டில் அப்பர் தைத்து, தெரிந்த இடத்தில் சோல் ஏற்றி, ஒரு ஜோடி பூட்ஸ் தயார் செய்து போட்டுக்கொண்டு போயிருந்தான். ஐரோப்பாவுக்குக் காலணி போட்டு அனுப்புகிற ஊர்க்காரன் ஐரோப்பாவின் வடகோடிக்குப் போய்ச் சேர்ந்ததும் அவனிடம் சொன்ன முதல் வார்த்தை, "கழற்று."

கப்பலில் ஏறினால் அங்கே இன்னொரு அவமானம். ரப்பர் படகிலிருந்து கரை இறங்கும்போது முழங்கால் தண்ணீரில் கால் வைக்க வேண்டியிருக்கும், ஆகவே எல்லோருக்கும் கம்பூட்ஸ். முழுக்க ரப்பர். ஆம்பூர் பூட்ஸ் அறைக்குள் கட்டிலுக்கடியில் கிடந்தது.

ஆனாலும் ரத்தம் சும்மா விடுமா? அந்த அறுநூறு மில்லிமீட்டர் லென்ஸுக்குக் கிட்டே இருக்கிற பொருளைப் பார்க்கத் தெரியாது. நாலைந்து மீட்டராவது தள்ளி நிற்க வேண்டும். இவன் வரவேற்பறையின் அந்தக் கோடிச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு, வழியில் போகிற வருகிறவர்களையெல்லாம் ஒதுங்கச் சொல்லி, ஷூ பலகையைப் படமெடுத்திருக்கிறான். பயணத்தின் மிகச் சிறந்த படங்கள் அவைதாம். தையலை எண்ணலாம். லேஸ் துளையில் துரு தெரிந்தது. ஷூ ஓடாது, திரும்பிப் படுக்காது, 500 மீட்டர் சட்டமும் அதற்கில்லை.

"மேல் வரிசை, மூணாவது ஜோடி. பெருசு பண்ணு" என்றார் மாமனார்.

பெரிதுபண்ணினான்.

"பசுத்தோலு. நல்ல கிரெயின். பக்கத்துல இருக்கிறது எருமை. அதுக்கு அந்தாண்ட… தூ, ஸ்பிளிட் மேல பி.யு. பூசி ஏமாத்தியிருக்கான். எவ்வளவு குடுத்து வாங்கினானோ, பாவம்."

என் மனைவி கல்யாணத்துக்கு முன்னால் ஷூ கம்பெனியில் தையல் பிரிவில் இருந்தவள். கையிலிருந்த வெங்காயத்தைக் கீழே வைத்துவிட்டு வந்தாள். "வேம்ப்பு ஓரத்துல தையல் இழுத்துக்கினு கீது பாரு. செக்கிங்லயே தள்ளியிருப்பாங்க எங்க சூப்பர்வைசர் அக்கா."

"அது நனைஞ்சு காய்ஞ்சதுல இழுத்தது" என்றார் மாமனார்.

"நனைஞ்சா லைனிங்தான்ப்பா சுருங்கும், வேம்ப்பு எதுக்கு இழுக்குது?"

"ஏன் இழுக்காது? கொழுப்பு சரியா ஏத்தலன்னா இழுக்கும்."

"இவரு எல்லாத்துக்கும் தோலக் குத்தம் சொல்லுவாரு."

அடுத்த படம். இன்னொரு பலகை; அது மியூசியமாம். மாமனார் நாற்காலியையே டிவி அருகே இழுத்துப் போட்டுக்கொண்டார். வெல்ட் தைத்த சோல் எது, ஒட்டின சோல் எது என்று ஜோடி ஜோடியாக வந்தது. நூபக் ஷூவை எவன் அந்த ஊர் ஈரத்துக்குப் போட்டுக்கொண்டு வந்தான், அவனுக்கு அறிவிருக்கிறதா என்று ஒரு விசாரணை நடந்தது. கீழ் வரிசையில் ஒரு சிறுவர் பூட்ஸ் இடது வலது மாறிக் கிடந்தது. அதைத் திருப்பி வைக்க மாமனாரின் கை டிவி வரைக்கும் போய்த் திரும்பியது. பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர், லாஸ்ட் என்கிற ஷூ அச்சு வியாபாரம் செய்கிறவர், சத்தம் கேட்டு எட்டிப் பார்த்தார். பார்த்தவர் உட்கார்ந்துவிட்டார். "டோ பாக்ஸ் அகலம் பாருங்க. இது ரெண்டு சாக்ஸ் போடறவன் காலு" என்று அவர் ஆரம்பித்தபோது, கரடியை நினைத்து எனக்கே கொஞ்சம் பாவமாக இருந்தது.

அப்புறம் மாமியார். அவர் வீட்டிலேயே உட்கார்ந்து அப்பருக்குக் கைத்தையல் போட்டுக் கொடுத்தவர். எங்கள் பக்கத்தில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகளில் இந்த வேலை நடக்கிறது. பையில் அப்பரும் நூலும் வரும். தைத்துத் திருப்பி அனுப்ப வேண்டும். ஜோடிக்கு இவ்வளவு என்று எண்ணிக் கொடுப்பார்கள். எவ்வளவு என்று மாமியார் சொல்ல ஆரம்பித்தால் மச்சினன் சட்டென்று அடுத்த படத்துக்குப் போய்விடுவான். அன்றைக்கும் போனான். போன இடத்தில் ஒரு மொக்காசின்.

மாமியார் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார். வெகுநேரம் பார்த்தார்.

"இது நம்ம கையி."

"அம்மா, அதுல இன்னா எழுதியா இருக்கு? போர்ச்சுகலா இருக்கும், இத்தாலியா இருக்கும்."

"மூக்குல சுருக்கு வைக்கிறப்ப கடைசித் தையல உள்ள தள்ளி முடிச்சிருக்கு பாரு. இது பேர்ணாம்பட்டு கையி, இல்லன்னா நம்ம கையி."

பெரிதுபண்ணினார்கள். இன்னும் பெரிதுபண்ணினார்கள். கடைசியில் திரையில் கட்டம் கட்டமாகப் பழுப்பு நிறம்தான் மிச்சம். மாமியார் அசையவில்லை. நம்ம கைதான். மச்சினன் தன் வாழ்நாளிலேயே முதல் தடவையாக, "ஷூவத் திருப்பி உள்ள லேபிளப் பாத்திருக்கலாம்" என்று வருத்தப்பட்டான். அடுத்தவன் ஷூவைக் கையில் எடுத்து உள்ளே எட்டிப் பார்க்கிற மனிதனை அந்த ஓட்டலில் என்ன செய்திருப்பார்கள் என்று தெரியாது. ஊருக்கு வெளியே போகிறவர்கள் கரடிக்காகத் துப்பாக்கியோடு போகிற ஊர் அது.

இதற்குள் மணி ஒன்பது. பிரியாணி ஏழு மணிக்கே தம் பிரித்தாகிவிட்டது. சீரகச் சம்பா. கரடி முடிந்ததும் சாப்பாடு என்று சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். கரடி முடிந்தது, ஷூ முடியவில்லை. நான் தோல் கம்பெனியில் கணக்கு எழுதுகிறவன். எனக்கு ஷூ தெரியாது, பாக்கி தெரியும். அந்த வீட்டில் எனக்கு வர வேண்டிய பாக்கி அடுப்படியில் ஆறிக்கொண்டிருந்தது.

லாங்இயர்பியனில் ஏறக்குறைய 2,500 பேர் வாழ்கிறார்கள். ஐம்பதுக்கு மேற்பட்ட நாட்டுக்காரர்கள். தாய்லாந்திலிருந்தும் பிலிப்பைன்ஸிலிருந்தும் வந்து குடியேறியவர்கள் நிறைய. 1920ஆம் வருஷத்து ஒப்பந்தத்தினால் அந்தத் தீவில் வந்து வாழ யாருக்கும் விசா வேண்டாம். அந்த ஒப்பந்தத்தில் அன்றைக்கே கையெழுத்துப் போட்ட நாடுகளில் இந்தியாவும் ஒன்று, பிரிட்டிஷ்காரன் தயவில். பறவைகளுக்கு ஆகாது என்று பூனை வளர்க்கத் தடை. இத்தனை ருசியான ஊரில் இவன் ஒரு மனிதரைக்கூடப் படமெடுக்கவில்லை. "நான் ஒயில்ட்லைஃப் மட்டும்தான் மாமா." அந்த ஊர் ஜனங்களின் ஷூ எல்லாம் எங்களுக்குத் தெரியும். முகம் ஒன்றுகூடத் தெரியாது.

விசா வேண்டாம் என்றதும் மாமனார் நிமிர்ந்தார். "அப்ப அங்க ஒரு யூனிட்டு போடலாமா?"

"ஷூவக் கழட்டி வைக்கிற ஊர்லயா?" என்றேன். அன்றைக்கு நான் பேசியதில் யாரோ காதில் வாங்கிக்கொண்டது இது ஒன்றுதான்.

மற்ற மிருகங்களைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். ஸ்வால்பார்டு மான் குட்டைக் கால், பானை வயிறு; ஊருக்குள்ளேயே மேயும். "எத்தினி அடி வரும் தோலு?" என்று கேட்டார் மாமனார். துருவக் கரடிக்கு முடி வெள்ளையாகத் தெரிந்தாலும் உள்ளே தோல் கறுப்பு என்று மச்சினன் சொன்னபோது அவர் முகத்தில் வந்த பரவசம் அவன் எடுத்த எந்தப் படத்திலும் இல்லை. வேட்டையாட அங்கே 1973லிருந்து தடை என்று சொல்லி அவரை உட்கார வைத்தோம். ஆர்க்டிக் ஆலா என்று ஒரு பறவை. வருஷத்துக்கொரு தடவை வடதுருவத்துக்கும் தென்துருவத்துக்கும் போய் வருகிற ஜாதி. கூட்டுப் பக்கம் போகிறவன் தலையில் அலகால் கொத்தும். விவரம் தெரிந்தவர்கள் தலைக்கு மேல் ஒரு குச்சியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடப்பார்கள். இவன் குச்சி பிடிக்கவில்லை. கையில்தான் லென்ஸ் இருக்கிறதே. உச்சந்தலையில் கொத்தியது. அந்தப் பயணத்தில் இவனுக்கு மிக அருகில் வந்த வனவிலங்கு அதுதான். கிட்டே வந்ததால் லென்ஸுக்குத் தெரியவில்லை, படமும் இல்லை.

இதெல்லாம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் கஷ்டம். போகிறது. அவன் அங்கே இருந்தபோது குடும்ப வாட்ஸப் குழுவில் நடந்ததுதான் நிஜமான வதை. விடியற்காலை மூன்று மணிக்கு போன் அதிரும். அவனுக்குத்தான் இரவே இல்லையே. ஒரு வெள்ளைப் படம், கீழே "குட் மார்னிங்". உடனே ஒன்றுவிட்ட சித்தப்பாக்கள் வரிசையாக, "சூப்பர் பா", "வேற லெவல்", "காட் ப்ளெஸ்". இரண்டு பேர் கரடியைக் கண்டுபிடித்துச் சிவப்பு வட்டம் போட்டுத் திருப்பி அனுப்பினார்கள். ஒருவர் வட்டம் போட்டது ஒரு பாறைக்கு.

ஒரே ஒருநாள் நிம்மதி கிடைத்தது. 79 டிகிரி வடக்கில் நீ-ஓலெசுண்ட் என்ற ஆராய்ச்சிக் கிராமம். 2008ல் திறந்த நம் நாட்டு நிலையம் ஹிமாத்ரி அங்கேதான் இருக்கிறது. அங்கே விஞ்ஞானிகளின் கருவிகளுக்கு இடைஞ்சல் கூடாதென்று வைஃபை, ப்ளூடூத், போன் சிக்னல் எல்லாவற்றையும் அணைத்துவைக்க வேண்டும். சில மணி நேரம் எங்கள் குழுவில் ஓர் ஓசையில்லை. அரசாங்கத்தின் துருவ ஆராய்ச்சியால் சாதாரணக் குடிமகனுக்கு என்ன லாபம் என்று கேட்கிறவர்கள் இதைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆட்சேபம் என்றேனே, வருகிறேன். அதற்கு முன்னால் மா. கிருஷ்ணனைச் சொல்லாமல் இருக்க முடியாது. எழுத்தாளர் அ. மாதவையாவின் பிள்ளை, மயிலாப்பூரில் இருந்துகொண்டு, கிடைத்த பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கேமராவை ஒப்பேற்றி, காட்டில் நடந்தே போய் யானைகளைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தவர். 1950லிருந்து 1996ல் கண்மூடும்வரைக்கும் ஒரு கல்கத்தா பத்திரிகையில் இயற்கைப் பத்தி எழுதினார். அணில், காகம், ஊர்க்குருவி எல்லாம் அவருக்கு விஷயம்தான். மச்சினனிடம் இதைச் சொன்னேன். "எத்தினி மெகாபிக்சல் மாமா?" என்றான்.

மிருகம் பார்க்க இவ்வளவு தூரம் போவானேன் என்றுதான் எனக்கு எரிச்சல். எங்கள் பக்கம் மிருகம் தானாகவே வருகிறது. ஆந்திரத்துக் கௌண்டின்யா சரணாலயத்திலிருந்து யானைகள் பேர்ணாம்பட்டு, குடியாத்தம் பக்கத்து நிலங்களில் இறங்கி மாவையும் வாழையையும் மடக்குகின்றன. 2024 ஜூனில் திருப்பத்தூரில் ஆட்சியர் அலுவலகத்துக்குப் பக்கத்திலேயே ஒரு பள்ளிக்கூடத்துக்குள் சிறுத்தை புகுந்து, கடைசியில் மயக்க ஊசி போட்டுத்தான் பிடித்தார்கள். ஐந்நூறு மீட்டராவது ஒன்றாவது, கார் ஷெட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. என் மச்சினன் அன்றைக்கு லென்ஸோடு போனானா? கதவைச் சாத்திக்கொண்டு, "யாரும் வெளிய வராதீங்க" என்று குழுவில் போட்டான். அதற்கும் ஒரு சித்தப்பா "சூப்பர் பா".

என் சங்கதிக்கு வருகிறேன். எனக்கும் ஒரு படம் உண்டு. தண்ணீரில்லாத ஆறு என்று பாலாற்றைக் கேலி பேசுகிறவர்கள் மழைக்குப் பிறகு வந்து பார்க்க வேண்டும், குட்டைகள் நிற்கும். அதில் எது மழைத்தண்ணீர், எது வேறு தண்ணீர் என்று நிறத்தை வைத்துச் சொல்லிவிடலாம். தோல் கழிவு பற்றி 1996ல் உச்ச நீதிமன்றம், கெடுத்தவன்தான் செலவு கொடுக்க வேண்டும் என்று நாடே எடுத்துச் சொல்கிற தீர்ப்பைக் கொடுத்தது. 2025 ஜனவரியில் அதே பாலாற்றுக்காக அதே நீதிமன்றம் மறுபடியும் ஒரு தீர்ப்பு எழுத வேண்டியிருந்தது. இடையில் போன காலத்தை நீங்களே கழித்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்ல எனக்கு யோக்கியதை கிடையாது. என் சம்பளம் அந்தத் தோலிலிருந்துதான் வருகிறது. இருந்தாலும் சொல்கிறேன், மூக்கு என்னுடையது.

அந்தக் குட்டை ஓரத்துச் சேற்றில், போன ஜனவரியில், கொசு உள்ளான்கள் மேய்ந்துகொண்டிருந்தன. பெயருக்கேற்ற உருவம். சாதாரணமாக முப்பது கிராமுக்குள். தையல் மெஷின் ஊசி ஏறி இறங்குவதுபோல அலகு சேற்றில் ஓடிக்கொண்டே இருக்கும். இவை முட்டையிட்டுக் குஞ்சு பொரிப்பது ஸ்காண்டிநேவியாவின் வடகோடியிலும் சைபீரியாவிலும் உள்ள ஆர்க்டிக் வெளியில். குளிர்காலத்துக்கு ஆறாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பறந்து இந்தப் பக்கம் வருகின்றன. கோடியக்கரையில் கூட்டம் கூட்டமாக இறங்கும். ஒன்றிரண்டு எங்கள் குட்டைக்கும் வரும். ஏன் வருகின்றன என்று எனக்கு விளங்கியதில்லை. அந்த நாற்றத்தைத் தாண்டி நானே மூக்கைப் பொத்திக்கொண்டுதான் போகிறேன்.

சாதாரணப் போனில் படமெடுத்து அதே குடும்பக் குழுவில் போட்டேன். கீழே, "ஆர்க்டிக்கிலிருந்து நம் ஊருக்கு வந்த விருந்தாளி" என்று எழுதினேன். நாள் முழுக்க ஒரு சத்தமில்லை. ராத்திரி ஒன்பது மணிக்கு ஒரு கட்டைவிரல் வந்தது. மாமியார். மறுநாள் கேட்டதில், கை தவறிப் பட்டுவிட்டது என்றார். மச்சினன் மட்டும் தனியாக ஒரு செய்தி அனுப்பினான்: "மாமா, ஃபோகஸ் இல்ல."

ஞாயிற்றுக்கிழமை ஷூவெல்லாம் முடிந்து, மச்சினன் அடுத்த வருஷம் அண்டார்டிகா போகப்போவதாக அறிவித்தான். பெங்குவின். ஆயிரக்கணக்கில் நிற்குமாம், கிட்டவே நிற்குமாம், நகராதாம். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், பிரியாணிக்காக. கறி நன்றாக இருந்தது. சோறு ஆறிப் பிரிந்து நின்றது. கத்தரிக்காய் தீர்ந்துவிட்டது, லாஸ்ட் வியாபாரி முந்திக்கொண்டார்.

கொசு உள்ளான்கள் ஆகஸ்ட் கடைசியிலிருந்து இந்தப் பக்கம் வர ஆரம்பிக்கும். ஏப்ரல், மே வரைக்கும் இருக்கும். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், ராணிப்பேட்டை வாசகர்கள் யாருக்காவது ஆசையிருந்தால் காலை ஆறரைக்குள் ஆற்றோரம் வாருங்கள். லென்ஸ் வேண்டாம், துப்பாக்கி வேண்டாம், ஐந்நூறு மீட்டர் விலகி நிற்கவும் வேண்டாம். ஒன்று மட்டும்: செருப்பைக் கழற்றாதீர்கள். அந்தச் சேற்றில் வெறுங்கால் வைக்க நான் யாருக்கும் சொல்லமாட்டேன்.